ஃபன்: இரண்டரை அலகு கொண்ட ஒரு சொல்

1954 ஜூன் மாத ஃபார்ச்சூன் இதழில் ஒரு கட்டுரையின் தலைப்பு: ‘ஃபன்னுக்கு 3,000 கோடி டாலர்’. ஃபார்ச்சூன் ஒரு வணிகப் பத்திரிகை. அதைப் படித்தவர்கள் கம்பெனி நிர்வாகிகள், விற்பனைத் துறைத் தலைவர்கள், முதலீட்டாளர்கள். பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகிய அந்தக் கண்களுக்கு முன்னால் வேடிக்கை, கொண்டாட்டம் என்று பொருள்படும் ஃபன் (fun) என்ற இந்தச் சின்னச் சொல்லைத் தூக்கி வைக்க ஆசிரியர் குழு தயங்கவில்லை. 1959 டிசம்பர் 28 தேதியிட்ட லைஃப் இதழ், ஓய்வு நேர வாழ்க்கையைப் பற்றிய சிறப்பிதழ். அதிலும் இதே பாணியில் ஒரு கட்டுரை வந்தது. தொகை மட்டும் 4,000 கோடி டாலராக ஏறியிருந்தது.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இதே சொல்லுக்குப் பக்கத்தில் ‘தாழ்ந்த கொச்சைச் சொல்’ என்ற முத்திரை இருக்கிறது. அதற்கும் முன்பு, 17ஆம் நூற்றாண்டில், அது ஏமாற்றுவதைக் குறித்த வினைச்சொல். விக்டோரியா காலத்து லண்டனில் 1861 முதல் 1901 வரை ‘ஃபன்’ என்ற பெயரிலேயே ஒரு நகைச்சுவை வார இதழ் நடந்தது. அங்கே அதன் பொருள் கிண்டல், கேலிச்சித்திரம், சிலேடை. கேலிக்குச் சொந்தமாயிருந்த ஒரு சொல் 200 ஆண்டுகளில் பொருளாதாரப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் முடிவிலிருந்து 1960களின் நடு வரை வந்த அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். யாரோ சந்தோஷமாக இருந்தார்கள் என்று விவரிக்க இந்தச் சொல் வருவது குறைவு. எவ்வளவு என்று அளக்கவும், இருக்கலாம் என்று அனுமதி தரவும், செய்ததை மன்னிக்கவுமே அது அதிகம் வருகிறது. இந்த மூன்றில் எது என்பதைப் பெரும்பாலும் அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் தலைப்பு. அன்றைய நாளிதழின் செய்தி மேஜையில் தலைப்பு எழுதுகிறவர் எண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஈயத்தில் வார்த்த எழுத்தை நசுக்கி வரிக்குள் திணிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அகல மதிப்பு வைத்திருந்தார்கள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஃப், எல், ஐ, டீ (டேபிள் என்பதன் முதல் எழுத்து), ஜே ஆகிய ஐந்தும் ஒல்லியானவை. தலா அரை அலகு. எம், டபிள்யூ இரண்டும் பருமன், தலா ஒன்றரை. மற்றவை எல்லாம் ஒன்று. பெரிய எழுத்துகளுக்குப் பொதுவாக ஒன்றரை, அவற்றில் எம், டபிள்யூ வந்தால் இரண்டு. சொற்களுக்கு இடையிலான வெளிக்கு அரை. சில அலுவலகங்களில் ஒன்று என்றும் எண்ணினார்கள்.

ஒரு பத்தியின் அகலம் 12 பைக்கா, அதாவது 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பாயின்ட் (பாயின்ட் என்பது எழுத்தின் அளவு) எழுத்தில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 12 அலகு கிடைக்கும். 36 பாயின்ட்டில் 8தான். குறுகலான எழுத்துரு என்றால் கொஞ்சம் கூடும். கணக்கு அரை அலகு மீறினாலும் அச்சுக்கோப்பவரிடமிருந்து தலைப்பு திரும்பி வரும், பதிப்பு மூடும் நேரத்தில் புதிதாக ஒன்று எழுத வேண்டியிருக்கும். ரொம்பக் குறைந்துவிட்டாலோ வலப்பக்கம் வெள்ளையாகக் காலியிடம் விழுந்து பக்கம் அசிங்கமாகிவிடும்.

இப்போது பொழுதுபோக்கு, இன்பம், ஓய்வு, விளையாட்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பாருங்கள். என்டர்டெயின்மென்ட் பதினொன்றரை அலகு. 24 பாயின்ட் ஒற்றைப் பத்தியில் ஒரு முழு வரியையும் அதுவே விழுங்கிவிடும். அம்யூஸ்மென்ட் ஒன்பதரை, ரிக்ரியேஷன் ஒன்பது, ப்ளெஷர் ஏழரை, லெஷர் ஆறு, ப்ளே மூன்றரை. ஃபன் வெறும் இரண்டரை. ‘ஜாய்’ என்ற சொல்லும் அதே இரண்டரைதான். ஆனால் ஜாய்க்குத் தேவாலயத்தின் மணமும் கிறிஸ்துமஸின் கனமும் உண்டு. மாவட்டக் கண்காட்சி, நீச்சல் குளத் திறப்பு, ரோட்டரி சங்கத்தின் பிக்னிக் போன்றவற்றுக்கு அதைப் போட முடியாது. கைக்கு வாகான சொல் ஃபன் ஒன்றுதான் மிஞ்சியது. விசாரணை என்றால் ‘ப்ரோப்’, தடை என்றால் ‘பேன்’, திருமணம் என்றால் ‘வெட்’ என்று ஆங்கிலத் தலைப்புக்கென்றே வளர்ந்த குட்டைச் சொற்களின் கூட்டத்தில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது.

இடப் பற்றாக்குறையை மட்டுமே காரணமாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. ஃபார்ச்சூனுக்கு இந்த நெருக்கடி கிடையாது. அகலமான பக்கம், பெரிய எழுத்து, தாராளமான வெள்ளை இடம் எல்லாம் இருந்தும் அவர்கள் ஃபன் என்றே போட்டார்கள். நாளிதழ் தலைப்புகள் பல ஆண்டுகளாகப் பழக்கிவிட்ட சொல், அதற்குள் தனக்கென ஒரு கவர்ச்சியைச் சேர்த்துக்கொண்டிருந்தது. கோடிகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தால், அந்தப் பணம் எங்கே புழங்குகிறது என்பது வாசகருக்கு உடனே உறைக்கும்.

அந்தக் கோடிகளைப் படிக்கும்போது கவனம் தேவை. அமெரிக்க அரசின் தேசியக் கணக்கில் ‘ரிக்ரியேஷன்’ என்ற தலைப்பின் கீழ் 1955இல் பதிவான தனிநபர் நுகர்வுச் செலவு சுமார் 1,400 கோடி டாலர். ஃபார்ச்சூன் அதற்கு முந்தைய ஆண்டில் சொன்னது 3,000 கோடி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதால் வருவது. மதுபானம் கணக்கில் சேருமா? விடுமுறைக்குக் காரில் போனால் பெட்ரோல் செலவு போக்குவரத்தா, ஃபன்னா? வீட்டு மாடியில் ரம்பமும் துளைப்பானும் வைத்து மேஜை செய்கிறவர் வாங்கிய மரப்பலகை பழுதுபார்ப்பா, பொழுதுபோக்கா? ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இறைச்சி சுடுவதற்கு வாங்கிய கரி உணவுச் செலவா? அரசுக் கணக்கரைப் பொறுத்தவரை ஒரு பொருள் ஒரே தலைப்பில்தான் விழும். பத்திரிகையாளருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஃபன் என்ற சொல்லுக்கு வேலி கிடையாது; பார்ப்பவரின் நோக்கத்துக்கு ஏற்றபடி எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். 3,000 கோடி என்பதையும் 4,000 கோடி என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எச்சரிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு பத்திரிகைகள் போட்ட கணக்கு. இரண்டிலும் ஒரே சாமான்கள்தான் சேர்ந்தன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த எண்களுக்குப் பின்னால் உண்மையான ஒரு நகர்வு இருந்தது. திரையரங்குக் கூட்டம் 1946இல் உச்சம் தொட்டுவிட்டுச் சரிந்தது. 1950இல் நூற்றுக்கு 9 வீடுகளில் இருந்த தொலைக்காட்சி 1960இல் 87 வீடுகளுக்கு வந்துவிட்டது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்த பொழுதுபோக்கின் பணம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காருக்கும் படகுக்கும் மாறியது. பழைய பொருளாதாரச் சொல்லான அம்யூஸ்மென்ட், டிக்கெட் கவுன்ட்டரின் சொல். புதிய செலவுகளுக்கு அது பொருந்தவில்லை.

அடுத்தது குடும்பப் பக்கம். இங்கேதான் விஷயம் மிகவும் ஆழமாகப் போகிறது. அதற்குக் கிடைத்திருக்கும் சிறந்த வழிகாட்டி மார்த்தா வுல்ஃபென்ஸ்டைன். அவர் உளப்பகுப்பாய்வு பின்புலம் கொண்ட ஆய்வாளர். 1951இல் ‘ஃபன் ஒழுக்கத்தின் தோற்றம்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று, அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பணியகம் தாய்மார்களுக்காக அச்சிட்ட ‘குழந்தைப் பராமரிப்பு’ என்ற கையேடு. 1914இல் முதல் பதிப்பு. பிறகு திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிட்டார்கள். ஒரே பணியகம், ஒரே நோக்கம், ஒரே வாசகர். மாறுவது ஆலோசனை மட்டும். சொல் மாற்றத்தை அளக்க இதைவிட நல்ல சோதனைச்சாலை அமையாது.

1914 பதிப்பு குழந்தையை ஆபத்தான ஆசைகள் நிறைந்த பிறவியாகப் பார்க்கிறது. விரல் சூப்பினால் சட்டைக் கையை விரல்களுக்கு மேலே இழுத்து ஊக்கு குத்திவிட வேண்டும், அல்லது தைத்துவிட வேண்டும். குழந்தையோடு பெற்றோர் விளையாடக் கூடாது. அது நரம்புகளைத் தூண்டிவிடும், தூக்கத்தைக் கெடுக்கும். விளையாட்டு சுகமானது, ஆகவே சந்தேகத்துக்குரியது. 1940களின் பதிப்புகளில் அதே குழந்தை உலகத்தைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும், கெடுதல் அறியாத உயிராகிவிட்டது. விளையாட்டு இப்போது நல்லது. அதோடு நிற்கவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது எல்லாவற்றையும் தாயும் ரசிக்க வேண்டும் என்று தொனி மாறியது.

வுல்ஃபென்ஸ்டைனின் கூர்மை இங்கேதான். தடை விலகியது பாதிக் கதை. அனுமதி கடமையாக இறுகியது மறுபாதி என்று அவர் காட்டினார். முன்பு தவறான சுகத்தை அனுபவித்துவிட்டால் குற்ற உணர்வு வரும். இப்போது போதுமான சந்தோஷம் வரவில்லை என்றால் ‘எனக்கு என்ன குறை?’ என்ற தாழ்வு உணர்வு வரும். உடம்பு நோக உழைத்த தாய், அதைச் சிரித்துக்கொண்டே செய்தாளா என்றும் தன்னைத் தானே விசாரிக்க வேண்டும். இது ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிய கூடுதல் சுமை என்பதைச் சொல்லாமல் அந்தக் காலத்துப் பெண்கள் பக்கங்களைப் படிக்க முடியாது. நியூயார்க் டைம்ஸ் அந்தப் பக்கத்துக்கு உணவு, உடை அலங்காரம், குடும்பம், வீட்டுச் சாமான் என்று நான்கு துறைகளையே பெயராக வைத்திருந்தது. இப்படிப்பட்ட பக்கங்களில் இட்லித் தட்டு கழுவுவதற்கு ஈடான தினசரி வேலை எதுவாக இருந்தாலும் அதை ஃபன் ஆக்குவது எப்படி என்ற குறிப்பு வந்தால், அதற்கு அடியில் இந்தக் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள்.

விளம்பரத் துறைக்கு இது நேரடியாகவே தெரிந்திருந்தது. பத்திரிகையாளர் வான்ஸ் பேக்கார்ட் 1957இல் விளம்பர உளவியலைப் பற்றி எழுதிய நூலில், எர்னஸ்ட் டிக்டர் என்ற நுகர்வோர் ஆய்வு நிபுணரின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். சிக்கனத்தில் வளர்ந்த அமெரிக்கர், செலவு செய்யும்போதும் சுகம் காணும்போதும் தான் ஒழுக்கமானவன் என்று உணரும்படி செய்ய வேண்டும். விளம்பரத்தின் முன்னுள்ள பிரச்சினை அதுதான் என்றார் டிக்டர். விளம்பரத்தில் வரும் ஃபன், அந்த அனுமதிச் சீட்டின் மேல் குத்திய முத்திரை.

மூன்றாவது வேலை மன்னிப்பது. 1952 மார்ச் 20 மாலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூட்டமாகத் திரண்டு மாணவிகள் விடுதிகளுக்குள் புகுந்து உள்ளாடைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்த வசந்த காலத்தில் நாடு முழுக்க வளாகத்துக்கு வளாகம் இது தொற்றியது. அப்போது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. படிக்கிறார்கள் என்பதற்காகக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு பெற்ற இளைஞர்கள் செய்கிற காரியமா இது என்று பொதுமக்கள் கொதித்தார்கள். செய்தி மேஜைக்கு ஒரு தர்மசங்கடம். ‘ரயட்’ (கலவரம்) என்றால் மூன்று அலகு, ‘ரெய்டு’ (அத்துமீறிப் புகுதல்) மூன்றரை, ‘ப்ராங்க்’ (குறும்பு) ஐந்து. எல்லாமே வரிக்குள் அடங்கும். ஆகவே எதைப் போட்டாலும் அது ஆசிரியரின் தீர்ப்பு. இட நெருக்கடியின் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை.

இப்படிப்பட்ட செய்திகளில் ஃபன் வரும்போது மேற்கோள் குறிகளைத் தேட வேண்டும். ‘சும்மா ஃபன்னுக்காகச் செய்தோம்’ என்று மாணவன் சொன்னதாக, குறிகளுக்குள் வந்தால் அது அவனுடைய வாக்குமூலம். குறிகள் இல்லாமல் நிருபரின் வாக்கியத்திலேயே வந்தால் பத்திரிகை அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. கதவு உடைபட்ட அறையில் இருந்த மாணவியின் வாயில் அந்தச் சொல் வந்ததா என்றும் பாருங்கள். யாருக்கு ஃபன் என்பதைக் கேட்காமல் எழுதிய செய்தி அரைச் செய்திதான்.

இத்தனைக்கும் நடுவில் இலக்கணமும் மாறிக்கொண்டிருந்தது. ஃபன் அடிப்படையில் பெயர்ச்சொல். எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதால் ‘எ’ (a) என்ற ஆங்கிலச் சுட்டு முன்னால் தேவையில்லை. அதனால் ‘இட் வாஸ் ஃபன்’ என்று சொல்லும்போது, வழக்கமாக உரிச்சொல் (பெயரை விவரிக்கும் சொல்) நிற்கும் இடத்தில் அது தனியாக நிற்கிறது. கேட்கும் குழந்தைக்கு அது பெயரா, உரியா என்று பிரித்தறிய எந்த அடையாளமும் இல்லை. உரி என்று எடுத்துக்கொண்ட தலைமுறை அதை இன்னொரு பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து ‘எ ஃபன் பார்ட்டி’ என்றது. நடு நூற்றாண்டின் பிரதி திருத்துபவர்கள் இதை நீல பென்சிலால் மாற்றினார்கள். ‘ஃபன்னாக இருந்த பார்ட்டி’ என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அளவுச் சொல்லாக ‘மச்’ ஏற்றால் பெயர், ‘வெரி’ ஏற்றால் உரி. ‘ஃபன் ஹவுஸ்’ என்ற பழைய பொருட்காட்சிக் கொட்டகைக்கு நடுவில் ‘வெரி’ நுழையாது, ஆகவே அது இரண்டு பெயர்கள் சேர்ந்த கூட்டுச்சொல். அதையெல்லாம் உரிச்சொல் கணக்கில் சேர்த்து, உரிச்சொல் வழக்கு முன்பே பரவிவிட்டது என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிசகு. 1960களில் விலை மலிந்த, பல நேரம் செயற்கையான மென்மயிர் உடைகளுக்கு வந்த ‘ஃபன் ஃபர்’ என்ற பெயர் எல்லைக்கோட்டில் நிற்கும் வகை.

உரிச்சொல்லை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தவர் நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே. 1966 ஜனவரி 1 அவர் பதவியேற்ற நாள்; அன்றைக்கே சுரங்க ரயில், பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி 12 நாள் நீடித்தது. சங்கத் தலைவர் மைக் குவில் நீதிமன்ற உத்தரவை மீறிச் சிறை போனார், அங்கே உடல்நிலை மோசமானது, அந்த மாதமே இறந்தார். நகரம் ஸ்தம்பித்திருந்த அந்த வேளையில், மேயர் பதவி இன்னும் பிடித்திருக்கிறதா என்ற பொருளில் கேட்டபோது, இன்னமும் இதை ஒரு ‘ஃபன் சிட்டி’ என்றே நினைப்பதாக லிண்ட்சே பதில் சொன்னார். ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்தி எழுத்தாளர் டிக் ஷாப் அதைப் பிடித்துக்கொண்டார். மேயர் வாழ்த்தாகச் சொன்னதை அவர் குத்தலாக்கிப் பரப்பினார்.

தலைப்பு மேஜைக்கு அது வரப்பிரசாதம். ‘நியூயார்க் சிட்டி’ பதின்மூன்று அலகு, ‘நியூயார்க்’ ஒன்பது, ‘ஃபன் சிட்டி’ ஏழரை. நகரத்தின் பெயரைவிடக் குட்டையான பட்டப்பெயர், அதோடு ஒரு கிள்ளலும் இலவசம். 1968இல் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தெருவெல்லாம் குப்பை குவிந்தது, அதே ஆண்டு ஆசிரியர்களும் வெளியேறினார்கள், 1969 பிப்ரவரியில் பனி விழுந்து குவீன்ஸ் பகுதி நாள்கணக்கில் முடங்கியது. ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டப்பெயருக்கு வேலை வந்தது. அதைப் பரப்பிய ஹெரால்ட் ட்ரிப்யூன் 1966இலேயே மூடிவிட்டது.

இதையெல்லாம் பழைய பக்கங்களில் நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பு 1963 வரை இலவசம். லைஃப் இதழ்கள் கூகுள் புக்ஸில் 1936 முதல் 1972 வரை முழுப் பக்கமாக இருக்கின்றன. நியூயார்க் டைம்ஸின் ‘டைம்ஸ்மெஷின்’ சந்தா கட்டிப் படிக்க வேண்டியது.

மூன்றெழுத்துச் சொல்லை எந்திரம் படித்த பிரதியில் தேடுவது பெரிய தொல்லை. ‘ரன்’, ‘சன்’, ‘கன்’, ‘ஃபர்’ எல்லாம் மை கலங்கினால் ஃபன் ஆகிவிடும். ‘ஃபண்ட்’ என்பதன் கடைசி எழுத்து மங்கியிருந்தாலும் அப்படியே. இன்னொரு பொறி, வரி முடிவில் உடையும் சொற்கள்: ‘ஃபண்டமென்டல்’, ‘ஃபங்கஸ்’, ‘ஃபனல்’ ஆகியவை உடைபடும்போது முதல் துண்டு ஆங்கில எழுத்தில் ஃபன் என்றே நிற்கும். பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ‘எ ஃபன்’ என்று சுட்டோடு சேர்த்துத் தேடினால் உரிச்சொல் வழக்கு மேலே வரும், ஆனால் கூட்டுச்சொற்களும் கூடவே வரும். அவற்றை ‘வெரி’ சோதனையால் கழிக்க வேண்டும்.

செய்தி நிறுவனத்தின் ஒரே பிரதி பல ஊர்ப் பத்திரிகைகளில் வந்திருக்கும். 1955இல் எப்பி லெடரர் ஏற்றுக்கொண்ட ‘ஆன் லேண்டர்ஸ்’, 1956இல் தொடங்கிய ‘டியர் ஆபி’ ஆகிய ஆலோசனைப் பத்திகளும் அப்படியே. முதல் வாக்கியங்களை ஒப்பிட்டு, ஒரே பிரதி என்றால் ஒன்றாகவே எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் ஒரு நாள் எழுதியது நாடே எழுதியது போலத் தோன்றும். விளம்பரத்தையும் செய்தியையும் தனித்தனிப் பட்டியலில் வையுங்கள். செய்திப் பத்தியில் வெட்டுப்படும் வழக்கு, பணம் கட்டிய விளம்பரத்தில் கைபடாமல் அச்சேறும். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, பக்கத்தில் இருந்த இடம், சொன்னவர் யார், மேற்கோள் குறி உண்டா என்ற நான்கையும் எழுதிக்கொண்டால் போதும். ‘ஃபன் சிட்டி’ மட்டும் இலவசத் தொகுப்பில் கிடைக்காது, அது 1963க்குப் பிந்தையது. அதற்கு டைம்ஸ்மெஷினும், நியூயார்க் நூலகங்களிலுள்ள ஹெரால்ட் ட்ரிப்யூன் மைக்ரோஃபிலிம் சுருள்களும்தான் வழி. 1966 ஜனவரி முதல் இரண்டு வாரங்களின் சுருளிலிருந்து ஆரம்பியுங்கள்.